நாட்டிய நாடகமும் ஏப்ரல்–மார்ச் கணக்கும்: கலாக்ஷேத்ராவும் பொது நிதியும்

இந்தியாவில் 'தேசிய பாலே' என்று பெயர் தாங்கிய குழு எதுவும் இல்லை. லண்டனிலும் டொரண்டோவிலும் அந்தப் பெயருக்குள் மூன்று விஷயங்கள் அடங்கும்: நிரந்தரமான ஒரு நடனக் குழு, அதற்கு ஆள் தயாரித்துத் தரும் பள்ளி, தலைமுறை தாண்டிப் பேணப்படும் நாட்டிய நாடகத் தொகுதி. இந்த மூன்றும் நம் நாட்டில் எங்கே ஒன்றுகூடியிருக்கின்றன என்று தேடினால் அடையாறு தாண்டித் திருவான்மியூருக்குத்தான் வர வேண்டும். அங்கே உள்ள கலாக்ஷேத்ரா நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் மானியத்தைக் கொண்டு இயங்குவது. ஆகவே அரசுப் பணத்தை நம்பி ஒரு நடனக் குழு வாழ்வது எப்படி, அந்தப் பணம் நிச்சயமில்லாதபோது கலைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்பதற்குப் பொருத்தமான இடம் இதுவே. சட்டம் இந்த நிறுவனத்தின் நிலத்தையும் பெயரையும் பள்ளியையும் காப்பாற்றியிருக்கிறது. மேடையில் ஆடும் குழுவுக்கு அதே உறுதியான காப்பு இன்னும் அமையவில்லை.

பாலேயோடு கலாக்ஷேத்ராவுக்குள்ள உறவு வெறும் ஒப்புமை அல்ல. அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1928இல் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டின் நடனத்தைத் தேடிப் போகும்படி அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாதான். அதன் பிறகே மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதநாட்டியத்தின் அன்றைய வடிவமான சதிராட்டம் கற்றார். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் ஆடிய முதல் நிகழ்ச்சிக்குச் சில நாட்களில், 1936 ஜனவரியில், பள்ளி தொடங்கியது. தனியொருவர் ஆடும் கச்சேரி முறையைக் கற்றுக்கொண்டு, குழுவாக ஆடும் நாட்டிய நாடகத்துக்கு அவர் நகர்ந்ததில் பாவ்லோவாவின் மேடையைக் கண்ட அனுபவத்துக்குப் பங்குண்டு. ஒளியமைப்பு, மேடையில் ஆட்களை நிறுத்தும் ஒழுங்கு, உடைகளின் நிற இசைவு எல்லாவற்றிலும் அந்தக் கண் தெரிகிறது.

1944இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி மேடையேறியது. 1947இல் டைகர் வரதாச்சாரியார் இசையில் குமாரசம்பவம் வந்தது. அதன்பின் வந்த ராமாயணத் தொடர்தான் இந்தக் குழுவின் முதுகெலும்பு. சீதா சுயம்வரம் 1955இல் அரங்கேறியது. ஸ்ரீராம வனகமனமும் பாதுகா பட்டாபிஷேகமும் 1960இலும், சபரி மோட்சம் 1965இலும், சூடாமணி பிரதானம் 1968இலும், மகா பட்டாபிஷேகம் 1970இலும் வந்தன. ஆறு பாகங்கள் முடியப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இசையமைக்கத் தொடங்கியபோது மைசூர் வாசுதேவாச்சாரியார் தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1961இல் அவர் மறைந்தபின் பேரன் ராஜாராம் அந்த வேலையைத் தொடர்ந்தார். கதகளி ஆசான் சந்து பணிக்கர் பயிற்றுவித்த ஆண் நடனக் கலைஞர்கள் இல்லாமல் இந்தத் தொடரின் அரக்கர்களும் வானரர்களும் இல்லை. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் எந்த நிதித் திட்டத்திலும் இப்படியொரு படைப்பை முன்கூட்டி எழுதிவைத்திருக்க முடியாது. பின்னால் சொல்லப்போகும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுதான் வேர்.

இந்த நாடகங்கள் ஏட்டில் இல்லை. ஆடுபவர்களின் உடம்பில் இருக்கின்றன. வானரப் படையில் கடைசி வரிசையில் குதித்துக்கொண்டிருக்கும் மாணவர் சில ஆண்டுகளில் முன்வரிசைக்கு வருகிறார், பிறகு லட்சுமணனாகிறார், ராமனாகிறார், அப்புறம் அடுத்த ராமனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நான்காண்டுப் பட்டயப் படிப்பு இதற்கு அடித்தளம் மட்டுமே. நட்டுவாங்கம் செய்பவருக்கு முழு நாடகமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பாடுபவருக்கு எந்த வரியை எத்தனை முறை திருப்ப வேண்டும், யார் மேடைக்குள் நுழையும்வரை இழுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், வீணை, ஒப்பனைக்காரர், விளக்குப் போடுபவர், உடை தைப்பவர், கிரீடத்தையும் நகைகளையும் பழுதுபார்த்து வைப்பவர் என்று ஒரு சிறு ஊரே பின்னால் நிற்கிறது. உடைக்கான துணிகூட வெளியிலிருந்து வர வேண்டியதில்லை என்பது ருக்மிணி தேவியின் எண்ணம். 1937இல் தொடங்கிய நெசவுப் பிரிவில் தறியில் இறங்கிய கோர்வைக் கரைப் புடவைகள் மேடைக்கும் போயின, மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளுக்கும் போயின. 1978இல் கமலாதேவி சட்டோபாத்யாயின் துணையோடு கலம்காரிப் பிரிவும் சேர்ந்தது. நாட்டியம் வேறு, கைவினை வேறு என்று தனித்தனிச் செலவாகப் பிரித்துப் பார்க்கும் கண்ணுக்கு இந்த நிறுவனத்தின் அமைப்பு பிடிபடாது.

தொடக்க காலத்தில் அரசு இல்லை. பிரம்மஞான சபையின் நிலம், அதன் உலகளாவிய அன்பர்கள் தந்த நன்கொடை, ருக்மிணி தேவியின் பெயருக்கு இருந்த செல்வாக்கு, குறைந்த ஊதியத்தில் உழைக்கச் சம்மதித்த ஆசிரியர்கள் ஆகியவற்றால் காரியம் நடந்தது. சபை வளாகத்திலிருந்து வெளியேற வேண்டிய நிலை வந்து, 1962 வாக்கில் திருவான்மியூரில் சுமார் 100 ஏக்கர் இடத்தில் கலாக்ஷேத்ரா நிலைகொண்டது. அந்த ஊதியக் குறைவைத் தியாகம் என்று புகழ்வது வழக்கம். புகழத்தக்கதுதான். ஆனால் கணக்காகப் பார்த்தால் அந்தக் காலத்து நாட்டிய நாடகங்களுக்கு மிகப் பெரிய மானியம் கொடுத்தவர்கள் அந்த ஆசிரியர்களே.

அதே காலத்தில் நடந்த இன்னொரு முயற்சியோடு வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் பலம் தெரியும். பாவ்லோவாவோடு ஆடிப் புகழ்பெற்ற உதய் சங்கர், 1930களின் இறுதியில் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ஒரு கலை மையம் தொடங்கினார். பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து கந்தப்பப் பிள்ளை போனார். குரு தத், ஜோஹ்ரா சேகல், சாந்தி பர்தன் போன்றவர்கள் அங்கே இருந்தார்கள். மேலைநாட்டுப் புரவலர்களின் பணத்தை நம்பியிருந்த அந்த மையம், போர்க்காலத்தில் நிதி வறண்டு மூடப்பட்டது. உதய் சங்கர் பின்பு சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' படத்தை எடுத்தார். அது 1948இல் வெளிவந்தது. அல்மோராவின் நாட்டியத்தில் இன்று நாம் காணக்கூடியதில் பெரும்பகுதி அந்தப் படச்சுருளில் இருப்பதுதான். அங்கே மேதைமைக்குப் பஞ்சமில்லை, மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. சொந்த நிலமும், ஆண்டுதோறும் வந்துசேரும் பணமும் இல்லை.

ருக்மிணி தேவி 1986 பிப்ரவரியில் மறைந்தார். ஒரு நிறுவனரின் ஆளுமையால் ஒட்டிக்கொண்டிருந்த அமைப்பு அவருக்குப் பின் எப்படி நிற்கும் என்ற கேள்விக்கு விடையாக வந்ததே கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம், 1993. ஆட்சிக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு என்று மூன்று அடுக்குகளை அது ஏற்படுத்தியது. தலைவரை நியமிப்பது மத்திய அரசு. நாடாளுமன்றம் ஒதுக்கித் தரும் தொகை, கட்டணம், நன்கொடை எல்லாம் ஒரே நிதியில் சேரும். கணக்கை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்ப்பார். ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். ஒரு நாட்டியப் பள்ளிக்கு இவ்வளவு உறுதியான சட்ட நிலை நம் நாட்டில் அபூர்வம். தென்சென்னையில் 100 ஏக்கர் என்றால் என்ன மதிப்பு என்பது எல்லோரும் அறிந்தது. அந்த இடம் இன்றும் மரங்களும் கொட்டகை வகுப்புகளுமாக இருப்பதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் மானியம் கொடுப்பேன் என்பது வேறு, எவ்வளவு, எப்போது, எதற்கு என்பது வேறு. பண்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள தன்னாட்சி அமைப்புகளுக்குப் பணம் மூன்று தலைப்புகளில் வருகிறது: சம்பளம், பொதுச் செலவு, மூலதனச் சொத்து உருவாக்கம். நிரந்தரப் பணியிடத்தில் இருக்கும் ஆசிரியர் முதல் தலைப்பில் அடங்குகிறார். கட்டடமும் விளக்குக் கருவியும் மூன்றாவதில். ஒரு நாட்டிய நாடகத்தைப் புதுப்பித்து ஒத்திகை பார்ப்பதற்கான செலவு, நாட்டிய நாடகக் குழுவில் ஆடும் ரெப்பர்ட்டரிக் கலைஞரின் மாதத் தொகை, பக்கவாத்தியக்காரர் சன்மானம், வெளியூர்ப் பயணம் ஆகியவை இரண்டாவது தலைப்புக்குள் மின்கட்டணத்தோடும் தோட்டப் பராமரிப்போடும் போட்டி போடுகின்றன. எந்த அலுவலகத்திலும் சம்பளத்தை நிறுத்த முடியாது, மின்கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடக் கூடியது ஒத்திகைதான். அப்படித் தள்ளிப்போட்டால் அந்த ஆண்டு யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. ஐந்தாறு ஆண்டுகள் ஆடாமல் கிடந்த நாடகத்தை எடுக்கப்போகும்போதுதான் மூன்றாம் காட்சியில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று நினைவிருப்பவர் ஓய்வுபெற்றுவிட்டது தெரியவரும்.

காலக் கணக்கும் சேர்ந்து இடிக்கிறது. மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1ஆம் தேதி வருகிறது. தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால பட்ஜெட்தான். 2024இல் முழு பட்ஜெட் ஜூலையில் வந்தது. பணம் தவணைகளில் விடுவிக்கப்படும். முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும்; செலவாகாமல் கையில் நிற்கும் தொகை அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளப்படும். ஆண்டின் பிற்பகுதியில் திருத்திய மதிப்பீடு வந்து முதலில் சொன்ன தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். கலாக்ஷேத்ராவின் ஆண்டுக் கலைவிழா நடப்பதோ டிசம்பர் இறுதியில். ஒத்திகைக்கு மிகவும் வேண்டிய மாதங்களில் எவ்வளவு வரும் என்பது தெரிவதில்லை. தெரியவரும் மாதங்களில் மார்ச் 31க்குள் செலவழிக்கச் சொல்லும் நெருக்கடி. சிக்கனமாக இருந்து அடுத்த ஆண்டுப் படைப்புக்குச் சேர்த்துவைக்கும் குழுவுக்கு இந்த முறையில் பரிசு கிடையாது, இழப்புதான்.

2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இன்னொரு எதிர்பார்ப்பையும் எழுதிவைத்தன. தன்னாட்சி அமைப்புகள் சொந்த வருவாயை இயன்றவரை பெருக்கி, காலப்போக்கில் தன்னிறைவு அடைய ஊக்குவிக்கப்பட வேண்டும் என்பது அது. ஆய்வுக்கூடத்துக்கோ பயிற்சி மையத்துக்கோ இது பொருந்தக்கூடும். நிகழ்த்துகலைக்கு ஏன் பொருந்தாது என்பதை வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966இலேயே விளக்கிவிட்டார்கள். ஆலையில் இயந்திரம் வந்தால் அதே ஆள் பத்து மடங்கு உற்பத்தி செய்வார், கூலியும் உயரும். சீதா சுயம்வரத்துக்கு 1955இல் எத்தனை பேர், எவ்வளவு நேரம் வேண்டியிருந்ததோ அதே அளவு இன்றும் வேண்டும். வில்லை வேகமாக முறித்து நேரத்தை மிச்சப்படுத்த முடியாது. ஆனால் ஆடுபவரின் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஊரோடு சேர்ந்து உயர்கின்றன. ஆகவே செலவுக்கும் நுழைவுச்சீட்டு வருவாய்க்குமான இடைவெளி காலத்தோடு அகலுமே தவிரக் குறையாது. இது நிர்வாகத் திறமைக் குறைவால் வருவது அல்ல. கலையின் இயல்பிலேயே இருப்பது.

தென்சென்னையின் சபாக்கள் அந்த இடைவெளியை நிரப்பாதா என்று கேட்பது நியாயம். தி.நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மஹாலும், ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபாவும், மயிலாப்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பும் பாரதீய வித்யா பவனும் சில மைல் தூரத்துக்குள் இருக்கின்றன. மியூசிக் அகாடமி 2007 முதல் ஜனவரியில் தனி நடன விழா நடத்துகிறது. இவ்வளவு அடர்த்தியான மேடைகள் உலகில் வேறெந்த நகரத்துக்கும் எளிதில் வாய்க்காது. ஆனால் இந்தச் சபாக்களின் பொருளாதாரம் தனிக் கலைஞரை மையமாகக் கொண்டது. ஒரு நடனக் கலைஞர், நான்கைந்து பக்கவாத்தியக்காரர்கள், ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரம். அடுத்தவர் ஒப்பனையோடு பின்னால் காத்திருப்பார். உள்ளே நுழையக் கட்டணமில்லாத நிகழ்ச்சிகளே அதிகம். மலர் விளம்பரமும் புரவலர் தொகையும்தான் சபாவை நடத்துகின்றன. இளம் கலைஞர்கள் கைக்காசு போட்டு ஆடுவதும், மேடைக்காகவே பணம் தருவதும் வெளிப்படையாகப் பேசப்படும் குறை. அங்கே முப்பது பேர் கொண்ட குழுவுக்குச் சன்மானம் தர வழியில்லை. வரிச் சலுகைகள் உண்டு: தொன்மரபுக் கலைஞரின் சன்மானம் ஒரு நிகழ்ச்சிக்கு ரூ.1.5 லட்சம்வரை ஜிஎஸ்டி கிடையாது, ரூ.500வரையிலான நடன நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுக்கும் கிடையாது. இருப்பதை இவை காக்கும், இல்லாததைக் கொண்டுவராது.

சிறு குழுக்களுக்கென்று பண்பாட்டு அமைச்சகம் நடத்தும் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டம், அதாவது ரெப்பர்ட்டரி மானியம், அரசு ஒரு நடனக் குழுவின் தேவையை எப்படிக் கணிக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஒரு குருவுக்கு மாதம் ரூ.15,000. அதிகபட்சம் 18 சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து ரூ.2,000 முதல் ரூ.10,000வரை. எல்லோருக்கும் உச்சத் தொகையே கிடைத்தாலும் மாதம் ரூ.1.95 லட்சம், ஆண்டுக்கு ரூ.23.4 லட்சம். கிராமத்து நாடகக் குழு ஒன்றுக்கு இது உயிர்த் தண்ணீர். அந்த வகையில் நல்ல திட்டம். ஆனால் அடையாறிலோ மயிலாப்பூரிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் இருபத்தைந்து வயது நடனக் கலைஞர் மாதம் பத்தாயிரத்தில் வாழ முடியாது. அவர் மாலையில் வகுப்பு எடுப்பார், கல்யாண வரவேற்புகளில் ஆடுவார், திரைப்பட நடனத்துக்குப் போவார். ஒத்திகைக்கு மிஞ்சுவது களைத்த உடம்பு.

நிச்சயமின்மை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் திரட்டிய நிறுவனம். பின்பு கொச்சி அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, வெகு காலத்துக்குப் பின் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கதகளிக்கு அதைவிடப் பெரிய வீடு இல்லை. 2024ஆம் ஆண்டின் கடைசியில் நிதி நெருக்கடியைச் சொல்லி 120க்கும் மேற்பட்ட தற்காலிகப் பணியாளர்களை ஒரே உத்தரவில் அது நீக்கியது. எதிர்ப்புக் கிளம்பி, மாநில அரசு தலையிட்டபின் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீக்கப்பட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகம் என்ற தகுதி வந்தபின்னும், வேடமும் செண்டையும் சொல்லித்தருபவரின் வேலை தற்காலிகமாகவே இருந்திருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தியில் மிகவும் வருத்தத்துக்குரியது.

இங்கிலாந்தின் அனுபவம் இரு பக்கமும் பாடம் தருகிறது. 1946இல் அமைந்த கலை மன்றத்துக்கு வடிவம் கொடுத்தவர் பொருளியலாளர் கெயின்ஸ். பாலே கலைஞர் லிடியா லோபோகோவாவின் கணவர். அரசு பணம் தரும், எந்த நாடகம் யார் ஆடுவது என்பதை அரசு சொல்லாது என்பது அங்கே கொள்கை. குழுக்களுக்கு நிதி பல ஆண்டுகளுக்குச் சேர்த்து உறுதிசெய்யப்படுகிறது. சாட்லர்ஸ் வெல்ஸ் குழு 1956இல் ராயல் பாலே ஆனதற்குப் பின்னால் இந்தத் தொடர்ச்சி இருந்தது. ஆயினும் 2022 நவம்பரில் அதே மன்றம் ஆங்கில தேசிய ஓபராவுக்கு ஆண்டுக்கு 1.2 கோடி பவுண்டுக்கு மேல் தந்துவந்த நிதியை நிறுத்துவதாகவும், லண்டனை விட்டு வேறு நகரத்துக்குப் போனால் உதவுவதாகவும் அறிவித்தது. பெரும் எதிர்ப்புக்குப்பின் இடைக்கால நிதி கிடைத்தது. மான்செஸ்டர் புது வீடாகத் தேர்வானது. பல ஆண்டு உறுதி இருந்ததால் அந்தக் குழுவுக்குப் பேச்சுவார்த்தை நடத்தவாவது அவகாசம் கிடைத்தது. ஆண்டுக்கு ஆண்டு மானியத்தில் அந்த அவகாசமும் இல்லை.

பொது நிதிக்காகப் பேசும்போது பொறுப்பையும் பேசியாக வேண்டும். கலாக்ஷேத்ராவின் அரங்கமான கூத்தம்பலத்தின் சீரமைப்புச் செலவு தணிக்கையில் கேள்விக்குள்ளாகி, 2019இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குவரை போனது. 2023 மார்ச்சில் மாணவர்கள் பாலியல் துன்புறுத்தல் புகார்களை முன்வைத்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். மக்கள் பணம் வாங்கும் இடத்தில் மாணவர் பாதுகாப்பும் திறந்த கணக்கும் நிபந்தனைகள். அவற்றில் பேரம் கிடையாது. அதேசமயம் ஒப்பந்த விதிமீறலைக் காரணமாகக் காட்டி ஒத்திகைப் பணத்தை நிறுத்துவதும், புகாரை மூடிமறைக்கக் கலையின் புனிதத்தைக் காட்டுவதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். தவறுக்கு உரியவர் பதில் சொல்லட்டும். நாட்டிய நாடகம் சொல்ல வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை பெரிய புரட்சிகள் அல்ல. மானியத்துக்குள் நாட்டிய நாடகக் குழுவுக்கென்று தனி வரி ஒன்று வேண்டும். அது பொதுச் செலவோடு கலக்கக் கூடாது. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருசேர உறுதி தரப்பட வேண்டும்; மிச்சமானதை அடுத்த ஆண்டுப் படைப்புக்கு எடுத்துச்செல்ல அனுமதி வேண்டும். ரெப்பர்ட்டரிக் கலைஞரின் ஊதியம் உதவித்தொகை என்ற நிலையிலிருந்து உயர்ந்து, குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தமாக வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சமூகப் பொறுப்பு நிதிக்கான இனங்களில் மரபுக் கலைகளையும் சேர்த்திருக்கிறது. 1996இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதியமும் இருக்கிறது. இவற்றின் வழியே வரும் பணத்தை விழாவுக்குச் செலவிடாமல் மூலநிதியாக வைத்து, அதன் வட்டியை ராமாயணத் தொடரின் பராமரிப்புக்கு மட்டும் ஒதுக்கலாம். மாநில அரசுக்கும் இடமுண்டு: மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் ஊர்களுக்கு இந்த நாடகங்களை அனுப்பும் செலவை அது ஏற்றால், தஞ்சாவூரும் திருநெல்வேலியும் தென்சென்னைக்கு வெளியே இவற்றைப் பார்க்கும், குழுவுக்கும் நிச்சயமான ஆட்ட நாட்கள் கிடைக்கும்.

இவற்றில் எதற்கும் முன்னால் தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ருக்மிணி தேவியிடம் நேரில் கற்று இந்த நாடகங்களை ஆடியவர்கள் இன்று முதியவர்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அசைவையும், நிற்கும் இடத்தையும், பாட்டின் திருப்பங்களையும் அவர்களை உட்காரவைத்து, இளைய கலைஞர்களை ஆடச்செய்து, காட்சி காட்சியாகப் பதிவுசெய்ய வேண்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம், புதுப் பணியிடம் வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகள் தடைபடாமல் வரும் ஒரு சிறு தொகையும், அந்த மூத்தவர்களுக்குத் தகுந்த சன்மானமும், ஒரு நல்ல ஒளிப்பதிவுக் குழுவும் போதும். அடுத்த மதிப்பீட்டில் பொதுச் செலவுக்குள் மறையாமல் தனித் தலைப்பில் முதலில் எழுதப்பட வேண்டிய தொகை இதுவே.